ஐந்நூறு மில்லி எண்ணெய்

அந்தக் கியர்பாக்ஸை ரூபேந்திரன் மூன்று முறை பிரித்தானா நான்கு முறையா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. மூன்று என்று அவன் சொன்னான். நான்கு என்று ஷாமளா சொன்னாள். முதல் முறை மூடியை மட்டும் கழற்றியதைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று கணவனும் மனைவியும் என் முன்னாலேயே வாக்குவாதம் செய்தார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது கூலாயிலா, அதற்கு முன்னால் லாயாங்-லாயாங்கிலா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். மற்றதெல்லாம் நடந்தபடியே மனதில் இருக்கிறது என்று நம்பித்தான் சொல்கிறேன். நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்று தெரியவில்லை.

ரூபேந்திரனுக்கு ஒழுக்கை நிறுத்துவதுதான் தொழில். ஜொகூரில், பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், பம்புகளைப் பராமரிக்கும் குழுவில் பதினான்கு வருடமாக இருந்தான். எந்தப் பம்பில் ஈரம் தெரிந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போய்க் குந்தி உட்கார்ந்து, எதையும் தொடாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு எழுந்து இன்ன இடத்து சீல் என்பான். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவன் 1956இல் இங்கிலாந்தில் செய்த ஒரு மோட்டார் சைக்கிளின் முன்னால் மூன்று மாதம் குந்தி உட்கார்ந்திருந்தான். வண்டி அவனுடையது அல்ல. அவனுடைய மாமனார் சிவசம்புவினுடையது.

சிவசம்பு ரெங்கத்தில் இருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர், அப்பாவும் ரயில்வே. வீட்டில் இன்னமும் அந்த ஊர்ப் பேச்சுதான். 1978இல் ஒரு தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குத் திரும்பும்போது அந்த வண்டியை அவரிடம் விட்டுப் போனார். அன்று முதல் அது ஒழுகிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸின் அடியில் எப்போதும் ஒரு சொட்டு தொங்கும். அது விழுந்ததும் அடுத்தது தொங்கும்.

ரூபேந்திரனின் அம்மா வெள்ளையம்மா அதே ரெங்கத்துக்கு ஆறு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். ஷாமளாவும் ரூபேந்திரனும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தபோது சிவசம்பு மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். பதிவுக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், கோயிலில் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். இலை போட்டதும் தலைவலி என்று கிளம்பிவிட்டார். மாசாயில் அவர்கள் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது மாமியார் தங்கரத்தினம் மட்டும் பஸ் ஏறி வந்தார். ஆறு வருடத்தில் சிவசம்பு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரூபேந்திரனிடம் நேராக ஒரு சொல் பேசியதும் இல்லை. மகளையும் மருமகனையும் ரெங்கத்தில் வரவேற்பார், நாற்காலி எடுத்துப் போடுவார், பேத்தி தேன்மொழியை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச வேண்டியது இருந்தால் ஷாமளா வழியாகத்தான். ரூபேந்திரன் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பான். அவர், “தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்லு” என்பார் மகளிடம். அவனும் அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டான். “அப்பாக்கு ஃபேன் வேணுமான்னு கேளு,” என்பான். ஷாமளாவுக்கு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி ஒருநாள் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

தேன்மொழிக்கு மார்ச் மாதம் ஒரு வயது நிறைய இருந்தது. டிசம்பரில் ஷாமளா அப்பாவிடம் கேட்டாள். பிறந்தநாளை மாசாய் வீட்டில் வைக்கிறோம், நீங்கள் வர வேண்டும் என்று. பஸ் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். பிறர் காரில் தாம் ஏறுவதில்லை என்றார். கடைசியில், “வண்டி ஒழுகாமல் நிண்டால் வண்டியிலயே வாறன்,” என்றார். ஒழுகும் எண்ணெய் பின் டயரில் பட்டால் வளைவில் சறுக்கும், எண்பது கிலோமீட்டர் அப்படி ஓட முடியாது என்று காரணமும் சொன்னார்.

நாற்பத்தைந்து வருடமாக ஒழுகும் வண்டி. அதைக் கேட்ட எல்லோருக்கும் அது மரியாதையாகச் சொன்ன ‘வரமாட்டேன்’ என்று புரிந்தது. தங்கரத்தினம் எழுந்து அடுக்களைக்குள் போனார். ஷாமளா பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள். ரூபேந்திரனுக்கு மட்டும் அது வேலை உத்தரவு மாதிரி காதில் விழுந்தது.

அவனுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. மாசாய் வீட்டில் அவர்களோடு இருந்த வெள்ளையம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் அன்றைக்குச் சிகாமட்டில் பெரிய மகன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். கோபமில்லாமல் சொன்னாள். தான் கண்ணில் படாவிட்டால் சம்பந்தி வருவார் என்பது அவள் எண்ணம். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா ஊரில் இல்லாமல் போவதா என்று ரூபேந்திரன் கத்தினான். அவள் போய்ப் பையை எடுத்துத் தூசி தட்டினாள். அவர் வர வேண்டும். அம்மாவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கியர்பாக்ஸ்.

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் ரெங்கத்துக்குப் போவார்கள். ஷாமளா அம்மாவோடு உள்ளே இருப்பாள். ரூபேந்திரன் வாசல் போர்ச்சில் அட்டையை விரித்து உட்காருவான். சிவசம்பு பிரம்பு நாற்காலியில் செய்தித்தாளோடு உட்காருவார். நாளெல்லாம் இருவருக்கும் இடையே ஸ்பானர் சத்தம் மட்டும்தான்.

முதலில் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினான். பழைய காகிதம் பொடிப்பொடியாக வந்தது. இதுதான் என்று நினைத்தான். எண்ணெயை மாற்றி ஊற்றி, சனிக்கிழமை மாலை வரை பார்த்தான். ஒரு சொட்டும் இல்லை. மாசாய்க்குத் திரும்பினார்கள். வியாழக்கிழமை தங்கரத்தினத்தின் கைபேசியிலிருந்து ஒரு படம் வந்தது. வண்டிக்கு அடியில் சிவசம்பு ஒரு செய்தித்தாளை விரித்திருந்தார். அதில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதியிருந்தார். 06.10. 09.45. 17.20. ரயில் வந்து போன நேரத்தை எழுதும் அதே கை.

“பதினோரு சொட்டு எண்டு அப்பா சொல்லச் சொன்னவராம்,” என்றாள் ஷாமளா.

“எண்ணத் தெரியும் எனக்கு,” என்றான் ரூபேந்திரன்.

இரண்டாம் முறை, சங்கிலி ஓடும் பல்சக்கரத்தைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் ஆயில் சீலை மாற்றினான். அதே அளவு சீல் கிடைக்காமல் ஜொகூர் பாருவில் நான்கு பேரிங் கடை ஏறி இறங்கினான். மூன்றாம் முறை, மூடியை மாசாய்க்கே எடுத்து வந்து, கண்ணாடித் தட்டின்மேல் எமரித் தாளை ஒட்டி, ஒரு முழு சனிக்கிழமை அதன் முகத்தைத் தேய்த்துச் சமன் செய்தான். நான்காம் முறை, கிக் ஸ்டார்ட் தண்டு வெளியே வரும் இடத்தில் சீலே கிடையாது என்பதைக் கண்டுபிடித்தான். செய்தவர்கள் அங்கே ஒன்றும் வைக்கவில்லை; இரும்பும் பித்தளையும் உரசிக்கொண்டு எண்ணெயைத் தடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். லேத்தில் கொடுத்து அங்கே ஒரு பள்ளம் வெட்டி ரப்பர் வளையம் போட்டான். வளையம் கனகச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த வியாழக்கிழமைப் படத்தில் சொட்டுகள் வேறு இடத்தில் விழுந்திருந்தன. கிளட்ச் தண்டு போகும் ஓட்டை வழியாக இப்போது வந்துகொண்டிருந்தது. ஒரு வழியை அடைத்தால் எண்ணெய் இன்னொரு வழியைத் தேடிக்கொண்டது. உள்ளே யாரோ இருந்துகொண்டு வெளியே போயே தீருவேன் என்று தள்ளுவது மாதிரி இருந்தது அவனுக்கு.

தொழிற்சாலையில் விஷயம் பரவியது. அவனோடு ஷிப்டில் இருக்கும் காளிதாஸ் அந்தச் செய்தித்தாள் படத்தை அச்செடுத்து அவனுடைய லாக்கரில் ஒட்டிவைத்தான். “நூறு பார் பிரஷரையே வாயப் பொத்த வச்ச ஆளு,” என்றான் எல்லோர் முன்னாலும். “மாமனார் வண்டில பிரஷர் ஜாஸ்தி போல லா.”

ரூபேந்திரன் சிரிக்கவில்லை. படத்தைக் கிழித்துப் போடவும் இல்லை. லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கத்திலும் அவை வந்தன என்று ஷாமளா சொன்னாள்.

அவனை அதிகம் எரிச்சல்படுத்தியது எண்ணெய் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான். அவன் நட்டைத் தவறான பக்கம் திருப்பினால் செய்தித்தாள் இலேசாக அசையும். அவ்வளவுதான். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒன்றும் கிடையாது. ஒருநாள் அவன் எட்டாத போல்ட்டோடு அரை மணி நேரம் போராடிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் ஷாமளா வந்து, “வளைஞ்ச ஸ்பானர் ஒண்டு பெட்டியில இருக்காம், சொல்லச் சொன்னார்,” என்றாள். அரை மணி நேரமும் அவர் அதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றைக்கு ஸ்பானரைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிடலாமா என்று இருந்தது அவனுக்கு. எறியவில்லை. அது அவருடைய ஸ்பானர்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாசாயில் வெள்ளையம்மா சிகாமட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சேலைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். ரூபேந்திரன் கடைசியாக ஒருமுறை ரெங்கத்துக்கு வந்தான்.

வழக்கமாக எண்ணெய் வடிக்கும் தட்டை மாசாயிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். தங்கரத்தினத்திடம் ஏதாவது பழைய பாத்திரம் கேட்டான். கேக் செய்ய வைத்திருந்த பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றை அவர் கொடுத்தார். கைப்பிடி உடைந்தது, இனி வேண்டாம் என்றார். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, அடித் திருகைக் கழற்றி, குவளையைப் பிடித்தான். எண்ணெய் இறங்கியது. குவளையின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்நூறைத் தாண்டியது. அறுநூறைத் தாண்டியது. எழுநூற்று இருபதில் வந்து நின்றது.

குவளையைத் தரையில் சமமாக வைத்து, கோட்டை மறுபடி பார்த்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் ஊற்றியது சரியாக ஐந்நூறு மில்லி. அதற்கு மேல் அந்தப் பெட்டிக்குக் கூடாது. மூடியின் வலது பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மேலே ஊற்ற வேண்டும். திருகு ஓட்டையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு முறையும் ஊற்றினான். இந்த இரண்டு வாரத்தில் நாற்பது சொட்டுக்கு மேல் வெளியே போயிருப்பதாக செய்தித்தாள் சொல்கிறது. ஐந்நூறுக்குக் குறைவாக அல்லவா வர வேண்டும்? இதற்கு முன் நான்கு முறை வடித்தபோதும் அவன் அளக்கவில்லை. ஒழுகிய பெட்டியில் என்ன அளப்பது என்று அப்படியே கொட்டிவிட்டிருந்தான். குவளையை வெளிச்சத்தில் பிடித்தான். அவன் ஊற்றியது தேன் நிறம். இதில் கருப்பாக இன்னொரு எண்ணெயும் கலந்திருந்தது.

யாரோ ஊற்றியிருக்கிறார்கள். இந்த வீட்டில் யாரோ என்றால் ஒருவர்தான்.

எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது அவனுக்கு. வரமாட்டேன் என்று வாயால் சொல்ல மனமில்லை; அதனால் அவன் அடைக்க அடைக்க இவர் உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊற்றிவிட்டு, வெளியே வருவதை உட்கார்ந்து வட்டமிட்டு, நேரம் குறித்து, அனுப்பியிருக்கிறார். ஷாமளாவும் தங்கரத்தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லை.

“மாமா.”

ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை அவருடைய முகத்துக்கு நேரே அவன் சொன்னதில்லை. செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

“நான் ஊத்துனது ஐநூறு. இப்ப வந்தது எழுநூத்தி இருவது. ஒழுகுற பெட்டில எண்ணெய் எப்படி மாமா கூடும்?”

சிவசம்பு குவளையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி குவளையைப் பார்த்தார்.

“நான் விட்டனான்,” என்றார்.

“எத்தன தடவ?”

“ஒவ்வொரு கிழமையும். குறைஞ்சு கிடந்தது.”

“குறையாது. அளந்து ஊத்திருக்கேன்.” குவளையை அவர் பக்கம் நீட்டினான். “உங்களுக்கு வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க. நான் சாமானத் தூக்கிட்டுப் போயிடுறேன். எங்கம்மா பைய மடிச்சு வச்சிட்டு நிக்கிது. அது இருந்தா நீங்க வரமாட்டீங்கன்னு சிகாமட்டுக்குப் போகப்போகுது. அது எதுக்குப் போவணும்? அது என்னா செஞ்சிச்சு?”

சிவசம்பு எழுந்தார். கோபமாக எழுந்த மாதிரிதான் இருந்தது. “அளந்து ஐந்நூறு விடும்,” என்றார். ரூபேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினான். திருகு ஓட்டையில் எண்ணெய் எட்டிப் பார்த்தது, மூடினான். “ஸ்டாண்டில இருந்து இறக்கிச் சாய்வு ஸ்டாண்டில நிப்பாட்டும்,” என்றார். நிறுத்தினான். அவர் சிரமப்பட்டுக் குனிந்து, அதே திருகைத் தம் கையாலேயே கழற்றினார். எண்ணெய் வரவில்லை. ஈரம்கூட இல்லை.

“பாரும். வருதோ?”

ரூபேந்திரன் பார்த்தான். சாய்வு ஸ்டாண்ட் இடது பக்கம். வண்டி இடப்புறமாகச் சாய்ந்து நின்றது. திருகு வலது பக்கம். இப்போது அது மேடு. எண்ணெய் முழுவதும் பள்ளத்துக்கு ஓடிப்போயிருந்தது. இந்தக் கோணத்தில் திருகு வரைக்கும் எண்ணெய் வர வேண்டுமென்றால் இன்னும் இருநூறு மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அந்தக் கூடுதல் எண்ணெய்தான் அவன் போட்ட ஒவ்வொரு சீலையும் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

“நேரா நிறுத்தியில்ல பாக்கணும்,” என்றான். “இது சாஞ்சு நிக்கிது.”

“நாப்பது வருசத்துக்கு மேல நேரா நிப்பாட்டித்தான் பார்த்தனான்.”

“அப்புறம்?”

அவர் திருகை மறுபடி பொருத்தினார். இரண்டு முறை நழுவியது. பொருத்தி முடித்து, விரலை வேட்டியில் துடைத்து, நிமிர்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இப்ப ஏத்த ஏலாது.”

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குக் குடல் இறக்கத்துக்கு அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு வண்டியை நடு ஸ்டாண்டுக்கு இழுத்து ஏற்ற வலு இல்லை. இரண்டு முறை முயன்றார். இரண்டாம் முறை வண்டி மேலேயே சாயப் பார்த்தது. அதோடு விட்டுவிட்டார். சாய்வில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம்தானே வித்தியாசம் வரும் என்று நினைத்தார். மருமகன் வேலை செய்துவிட்டுப் போன வண்டியைப் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்று திங்கட்கிழமைதோறும் திருகைக் கழற்றிப் பார்த்தார். காய்ந்திருந்தது. குறைவாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான், சொன்னால் மனம் நோகும், நாமே விட்டுவிடுவோம் என்று தம் பழைய டின்னிலிருந்து விட்டார். ரயில்வேயில் அப்படித்தான் என்றார். பெற்றுக்கொண்டவன்தான் சரிபார்க்க வேண்டும்.

ரூபேந்திரனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபத்தை வைக்க இடமும் இல்லை. கண்ணாடியின்மேல் தேய்த்த அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. நான்கு பேரிங் கடை நினைவுக்கு வந்தது. இரண்டாம் முறையிலேயே ஒழுக்கு நின்றிருக்கும்.

“மூணு மாசம் மாமா,” என்றான். “ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல.”

“நீரும் ஒரு வார்த்தை கேட்கயில்லை.”

கேட்டிருந்தாலும் அவன் ஷாமளாவிடம்தான் கேட்டிருப்பான், அவளுக்குத் தெரிந்திருக்காது. இருவரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். கோயிலிலிருந்து அவர்கள் திரும்பி வரும் நேரம் நெருங்கியது. சிவசம்பு தொண்டையைச் செருமினார்.

“பிள்ளைக்குச் சொல்லாதையும். உம்மட மாமிக்கும். வண்டியை வித்துப்போடச் சொல்லுவினம்.”

ரூபேந்திரன் சரி என்று தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் அதில் இருந்த வம்பு தெரிந்தது. ஷாமளாவுக்குத் தெரியக்கூடாது என்றால் இனி இந்த விஷயத்தை அவள் வழியாகப் பேச முடியாது.

அடுத்த புதன்கிழமை வேலை நேரத்தில் அவனுடைய கைபேசி அடித்தது. ரெங்கம் வீட்டு எண். தேன்மொழிக்கு ஏதோ பொம்மை வாங்குவது பற்றி மாமியார் கேட்பார் என்று நினைத்து எடுத்தான். சிவசம்பு. ஹலோ சொல்லவில்லை.

“திங்கள் துவக்கம் ஒரு சொட்டும் இல்லை,” என்றார். “பேப்பர் சுத்தமாக் கிடக்குது.” பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. “வெள்ளிக்கிழமை காலமை கிளம்ப வேணும். தனியப் போனால் இடையில எங்கயும் நிப்பாட்டி ஏத்த ஏலாது. நீர் வாறீரோ?”

வருகிறேன் என்றான். பக்கத்தில் நின்ற காளிதாஸ் யார் என்று கேட்டான். மாமனார் என்றதும் அவன் தள்ளிப் போனான்.

ஷாமளாவிடம், புது சீல், ஓடும்போது எப்படி இருக்கிறது என்று கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொன்னான். அவள் அவனை ஒருமாதிரி பார்த்தாள். வியாழன் பிற்பகல் பஸ் பிடித்து ரெங்கத்துக்குப் போனான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி எண்ணெயைப் பார்த்தார்கள்; இறக்கினான். தங்கரத்தினம் முந்தின நாளே பலகாரத்தோடு ஷாமளாவின் காரில் போயிருந்தார். சிவசம்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ரூபேந்திரன் பின்னால், ஸ்பிரிங் வைத்த சின்னச் சீட்டில்.

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் போகவே இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. ஒரு கிழவர் சைக்கிளில் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். ரூபேந்திரனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இந்த வேகத்துக்கு இறங்கி நடக்கலாமே என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டான். மழை பிடித்ததும் ஒரு பழக்கடைக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அவன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான். சிவசம்பு குனிந்து பின் டயரை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். தண்ணீர். நிமிர்ந்து அவனைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். கடைக்காரப் பெண் வெட்டிக் கொடுத்த அன்னாசியை அவர் இரண்டாக்கிப் பாதியை அவனிடம் நீட்டினார்.

மாசாய் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று ஆகிவிட்டது. வெள்ளையம்மாவின் பை முன்னறையில் கட்டியபடி இருந்தது. அழைத்துப் போக வர வேண்டிய பெரிய மகன் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ரூபேந்திரன் வண்டியை ஏற்றி நிறுத்துவதற்குள் சிவசம்பு செருப்பைக் கழற்றி உள்ளே போய்விட்டார். நேரே அடுக்களை வாசலுக்குப் போய் நின்று, “நீங்கள் பயணம் போறியளாம்,” என்றார். “இண்டைக்குப் போக வேண்டாம்.”

வெள்ளையம்மா சேலை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “ஒங்ககிட்ட எத்தனையோ தடவ டிக்கெட்டு வாங்கிருக்கேன்யா ரெங்கத்துல,” என்றாள்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “ஞாபகம் இல்லை,” என்றார்.

“எப்படி இருக்கும். அந்த ஜன்னல் வழியா கை மட்டும்தான தெரியும்.”

சிவசம்பு தம் கையைப் பார்த்தார். பிறகு, எங்கே கை கழுவுவது என்று கேட்டார். இலை போட்டதும் முதல் ஆளாக உட்கார்ந்தார். வெள்ளையம்மா பரிமாறினாள், இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஷாமளா அன்று மாலை வரை யாரோடும் பேசவில்லை, அழுதுவிடுவோம் என்று.

சிவசம்பு அந்த வண்டியை இன்னும் ஓராண்டு ஓட்டினார். எண்ணெய் பார்க்க வேண்டிய வெள்ளிக்கிழமைகளில் மருமகனுக்கு அவரே போன் செய்வார். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார். கண்ணில் புரை வந்ததும் வண்டியை மூவாரில் இருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஸ்டாண்ட் விஷயத்தை ரூபேந்திரன் ஷாமளாவிடம் சொன்னான். அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. வெள்ளையம்மா அதற்கு அடுத்த ஆண்டு சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனாள். சிவசம்பு பஸ்ஸில் வந்து, காரியம் முடியும் வரை மாசாய் வீட்டிலேயே தங்கினார். காளிதாஸ் வேலையை விட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டான். ரூபேந்திரன் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறான். தேன்மொழி பாலர் பள்ளிக்குப் போகிறாள். தங்கரத்தினமும் சிவசம்புவும் ரெங்கத்தில் இருக்கிறார்கள்.